திரும்பித் திரும்பி வந்த ஜோடிப் பெட்டி

போன வாரம் பாண்டிச்செல்வி போனில் கூப்பிட்டாள். சிவகாசியில் நான் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் கடையில், ஸ்பீக்கர் போட்டுக் கேட்டுப் பார்க்கிற அறையில், இப்போது என் நாற்காலியில் இருப்பவள் அவள்தான். "அக்கா, கொறஞ்ச வெலையில ஸ்பீக்கர் எப்படிப் பாத்து வாங்கணும்னு நாலு வரி எழுதித் தாங்க. நான் வீடியோவுல பேசிப் போடுறேன்" என்றாள். நாலு வரியில் சொல்லி முடிக்கிற விஷயத்துக்கா அண்ணாச்சி எனக்கு இத்தனை வருடம் சம்பளம் கொடுத்தார் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "சரி, ஒங்க இஷ்டத்துக்கு எழுதுங்க" என்றாள். ஓய்வு பெற்றவளிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்பது அவளுக்குத் தெரியவில்லை. அனுபவிக்கட்டும்.

நான் இந்த வேலைக்கு வந்ததே ஒரு கூத்து. அதற்கு முன்னால் காலண்டர் அடிக்கிற அச்சகத்தில் தாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினிலிருந்து வருகிற தாளை, ஆர்டர் கொடுத்த பார்ட்டி சரி என்று சொன்ன மாதிரித் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, நிறம் மாறியிருந்தால் மெஷினை நிறுத்தச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி தன் கடைக் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் பார்க்க வந்திருந்தார். மயில் கழுத்தில் நீலம் ஏறிவிட்டது என்று நான் மெஷினை நிறுத்தினேன். அவருக்கு இரண்டு தாளும் ஒன்றாகத்தான் தெரிந்ததாம். "எப்படிம்மா கண்டுபுடிச்ச?" என்றார். "கண்ணுக்கு ஞாபகம் கெடையாது அண்ணாச்சி. பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன். அவர் உடனே, "காது எப்படி?" என்று கேட்டார். அடுத்த மாதம் அவர் கடையில் இருந்தேன்.

நான் பார்த்ததெல்லாம் விலை குறைந்த சின்ன ஸ்பீக்கர்கள். அட்டைப்பெட்டியில் புத்தக அலமாரி ஸ்பீக்கர் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். எங்கள் ஊரில் டைரி அடிப்பார்கள், நோட்டு அடிப்பார்கள், ஆனால் புத்தகத்துக்கென்று அலமாரி வைத்திருக்கிற வீடு அபூர்வம். அதனால் அந்த ஸ்பீக்கர் ஃபிரிட்ஜ் தலையில் உட்காரும், பீரோ மேல் ஏறும், இல்லையென்றால் சாமி படத்துக்கு இரண்டு பக்கமும் துவாரபாலகர் மாதிரி நிற்கும். நாங்கள் அதை ஜோடிப் பெட்டி என்போம்.

சிவகாசியில் ஸ்பீக்கர் விற்பதில் ஒரு தொல்லை உண்டு. சீசனுக்கு முன்னால் வெளியூர் வியாபாரிகள் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வருவார்கள். பொட்டலில் சாம்பிள் வெடித்துக் காட்டுவார்கள். எது நன்றாக அதிர்ந்ததோ அதற்கு ஆர்டர் விழும். அதே பழக்கத்தோடு எங்கள் ஊர்க்காரர்கள் கடைக்கும் வருவார்கள். பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, தள்ளிப் போய், முகத்தைத் திருப்பி, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. "இதான் நல்லா அதிருது, இதையே கட்டுங்க" என்பார்கள். சத்தத்தை விற்றுச் சோறு தின்கிற ஊரில், சத்தம் குறைந்தால் அது நமுத்த சரக்கு. மற்ற ஊர்க்காரர்கள் இந்தத் தப்பைச் செய்வார்களா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் குடும்பத்தோடு செய்வோம்.

இதைத் திருத்தத்தான் அண்ணாச்சி அந்த அறையையே கட்டினார். அவர் குடும்பத்துக்கும் பட்டாசுக் கம்பெனி உண்டு. இளவட்டத்தில் சாம்பிள் வெடிக்கிற இடத்தில் நின்று நின்று, இடது காது முழுக்கப் போய், வலது காது பாதி போய்விட்டது. அதை அவர் மறைத்ததே இல்லை. வாடிக்கையாளரிடம் முதல் பேச்சே, "என் காத நம்பாதீக. இது பட்டாசுக் காது. இந்தம்மா சொல்றத நம்புங்க" என்பதுதான். கடை முதலாளி இப்படிச் சொன்னால் எந்த வேலைக்காரிக்குத்தான் தலை கனக்காது? எனக்குக் கனத்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

அறை சாதாரண வீடு மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. வெறும் டைல்ஸ் தரை, ஒரு பீரோ, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. "பஞ்சு ஒட்டுன ரூம்புல எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் பாடும். அவுக வீட்டுல பாடுமா?" என்பார். பெட்டியில் விலைச் சீட்டு இருக்கக் கூடாது. முன்னால் மெல்லிய வேட்டித் துணியைத் திரையாகத் தொங்கவிட வேண்டும். அப்புறம் இரண்டு ஜோடிக்கும் சத்தத்தைச் சமமாக வைக்க வேண்டும். இதுதான் முக்கியம். ஒன்று ஒரு இம்மி கூடுதலாகக் கேட்டாலும், காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். அப்படி ஒரு லஞ்சப் பிசாசு அது.

முதலில் பாட்டுப் போடக் கூடாது. பேச்சுத்தான். பாட்டின் சந்தடியில் பெட்டியின் குறை ஒளிந்துகொள்ளும், ஒற்றை ஆள் பேசும்போது ஒளிய இடமில்லை. பேசுகிறவர் மூக்கை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தால், அந்தப் பெட்டி அங்கேயே தள்ளுபடி. அடுத்தது தவில். தவில்காரர் தொப்பியில், அதாவது கோலால் அடிக்கிற பக்கத்தில், விதவிதமாக அடிப்பார், மட்டமான பெட்டி எல்லாவற்றையும் ஒரே 'தொம்'மாக ஆக்கிவிடும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அந்தத் 'தொம்' இரண்டு மடங்காகும், ஒரு சாண் முன்னால் இழுத்தால் பாதி சரியாகும். இதற்குச் செலவே கிடையாது என்றாலும், சொன்னால் யாரும் கேட்பதில்லை. பீரோ மேல் இடம் இல்லையாம்.

இன்னொன்று எங்கள் ஊரில் மட்டும் செய்யக் கூடியது. வெடிக்குச் சுருட்டுகிற காகிதக் குழாய், மருந்து போடாதது, மேசையில் எப்போதும் ஒன்று கிடக்கும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைப் பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு வட்டத்துக்கும் நேராகப் பிடித்தால், எது பாடுகிறது, எது சும்மா இருக்கிறது என்று தெரிந்துவிடும். மூன்று வட்டம் பளபளவென்று இருக்கும், ஒன்று ஒப்புக்குச் சப்பாணியாக இருக்கும். அதைக் கண்டுபிடித்து, பெட்டியைக் கொண்டுவந்த ஏஜெண்ட் முகத்தைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இத்தனையும் முடிந்த பிறகு அண்ணாச்சி வந்து, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நல்லாயிருக்கா என்று கேட்க மாட்டார். "வீட்டுக்குப் போகுமா?" என்பார். நான் தலையாட்டினால் கடையில் வைப்பார். இல்லையென்றால் திருப்பி அனுப்புவார். ஒருமுறை ஒரு ஜோடி வந்தது. தகரத்தில் ஆணியால் கோடு இழுக்கிற மாதிரி ஒரு கீச்சல். ஏஜெண்ட் அதைத் திரும்ப எடுத்துப் போகவும் வரவில்லை. நான் அதற்குக் கீச்சான் என்று பெயர் வைத்து, பின்கட்டில் தண்ணீர் கேனுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன்.

இனி நான் சொல்ல வந்தது.

கருப்பசாமியும் முனியம்மாளும் விஸ்வநத்தத்துக்காரர்கள். இரண்டு பேரும் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே வேனில் போய் வருகிறவர்கள். முனியம்மாளுக்குப் பேக்கிங். கருப்பசாமிக்கு, ஒவ்வொரு லாட்டிலும் சாம்பிள் எடுத்துப் பொட்டலில் வைத்துப் பற்றவைத்துப் பார்க்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த வேலைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். "வில்லுப்பாட்டுக் கேக்கணும் தாயி. போன்ல கேட்டா ஒண்ணும் வெளங்கல. கதை வெளங்குற மாதிரி ஒரு பெட்டி குடுங்க" என்றார். எடுத்த எடுப்பிலேயே அதிர்வைக் கேட்காமல் கதையைக் கேட்ட முதல் ஆள் அவர். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கடையிலேயே பேச்சு மிகத் தெளிவாக வருகிற ஜோடியை எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டி திரும்பி வந்தது. "வில்லு கேக்குது, கொடம் கேக்குது, கதை கேக்கல" என்றார்.

துணித் திரை போட்டேன், பேச்சுப் போட்டேன், குழாய் வைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வாடிக்கையாளர் மனசு கோணக் கூடாது என்று வேறு ஜோடி கொடுத்தேன். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவதும் திரும்பி வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் முதுகுப்பக்கம் நின்று ஒயரைக் கழற்றிக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொன்னேன். வாய்க்குள் முனகவில்லை, கேட்கட்டும் என்றே சொன்னேன். அவர் திரும்பவில்லை. வாசல் பக்கம் கூடையோடு நின்ற முனியம்மாள்தான் சட்டென்று என்னைப் பார்த்தாள். நாலு தடவை வந்ததிலும் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஊமையோ என்றுகூட நினைத்திருந்தேன்.

அண்ணாச்சி இதையெல்லாம் கல்லாவிலிருந்து கவனித்திருக்கிறார். எழுந்து அறைக்குள் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியைக் கருப்பசாமிக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்துக்கு நேராக, நிதானமாகப் பேசினார்.

"வீட்டுல யாரு கொரல் ஒமக்கு நல்லா அத்துப்படி?"

"இது என்ன கேள்வி அண்ணாச்சி? இவ கொரல்தான். இருட்டுல ஊரே கூடிப் பேசுனாலும் இவ பேச்சக் கண்டுபுடிச்சிருவேன்."

அண்ணாச்சி என்னிடம், "சம்முவத்தாயி, அந்தம்மா பேசுறதப் போன்ல புடி" என்றார். முனியம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு, "நான் என்னத்தப் பேச?" என்றாள். "வீட்டுல தெனம் என்ன பேசுவீகளோ அதையே பேசுங்க" என்றேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "ஏங்க, கொளம்பு சூடா இருக்கு. இப்பச் சாப்பிடுறீகளா, பொறவு சாப்பிடுறீகளா?"

மெல்லிய குரல். நுனியெல்லாம் காற்று. அதை, முதலில் கொடுத்த அந்த நல்ல ஜோடியில் போட்டேன். அவளே திரைக்குப் பின்னால் நின்று பேசுகிற மாதிரி அப்படியே வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கருப்பசாமி தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடியும் போடச் சொன்னார். பிறகு கையை விரித்தார்.

"இது யாரோ ஒரு பொம்பள மொணங்குறா. முனியம்மா கொரல் இது இல்ல தாயி. அவ பேச்சுக் கணீர்னு இருக்கும்."

முனியம்மாள் தரையைப் பார்த்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மூன்று வாரமாகப் பெட்டியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவள் நான். கோளாறு பெட்டியில் இல்லை என்று சரியாகச் சொன்னவளும் நான்தான். சரியாகச் சொன்னதில் எனக்கு அன்றைக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "அந்தக் கீச்சான எடுத்துட்டு வா" என்றார். விளையாடுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. தண்ணீர் கேனை இறக்கி வைத்துவிட்டு, தூசியைத் தட்டிக் கொண்டுவந்து மாட்டினேன். ஆம்பிளிஃபயரில் கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற திருகை முழுக்கத் திருப்பச் சொன்னார். திருப்பி, போனில் பிடித்த அதே பேச்சைப் போட்டேன். எனக்குப் பல் கூசியது. முனியம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"பொறவு சாப்பிடுறேன்" என்றார் கருப்பசாமி.

பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. திரும்பி முனியம்மாளைப் பார்த்தார்.

அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊமை என்று நான் நினைத்த பெண் கத்தினாள். "பெட்டி கேட்டா மட்டும் பதில் வருதோ? தெனம் பக்கத்துல நின்னு கேக்கேன். ஒருவாட்டி, 'உம்'னாவது சொன்னீகளா? என்னைப் புடிக்காமப் போச்சு போலன்னு தட்ட வச்சுட்டு அங்கிட்டுப் போயிருவேன். கேட்டுக் கேட்டு வாயே வலிச்சுப் போயித்தான் நான் பேச்சையே கொறச்சுக்கிட்டேன்."

கத்தியதால் அது அவருக்குக் கேட்டது. "நீ பேசுறத விட்டுட்டன்னுல்ல நான் நெனச்சேன்" என்றார். "என் மேல என்ன கோவமோ, கேட்டாச் சண்டையாகிப் போகுமோன்னு நானும் கேக்காம இருந்துட்டேன்."

ஒரே வீட்டில், ஒரே வேனில், இரண்டு பேரும் அடுத்தவர் மனசு கசந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே சோறு ஆக்கிச் சோறு தின்றிருக்கிறார்கள். நான் அழுதேன். கடையில் ஆள் இருக்கிறதே என்றெல்லாம் பார்க்கவில்லை.

முனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கீச்சுப் பெட்டியவே குடுத்துருங்க அண்ணாச்சி. எனக்குக் காது கூசுனாக் கூசிட்டுப் போகுது" என்றாள்.

"அத விக்க மாட்டேன்" என்றார் அண்ணாச்சி. "இவருக்கும் பட்டாசுக் காதுதான், பேச்ச வெளங்க வைக்கிற கீச்சுச் சத்தம் மொதல்ல போயிருச்சு, கீச்சான் அதக் கூட்டிக் குடுத்துச்சு. வில்லுப்பாட்டு வேணா அதுல கேக்கும். நீங்க கொளம்பு ஊத்தும்போது பெட்டியத் தலையில கட்டிக்கிட்டா ஊத்துவீக?" கருப்பசாமியின் முழங்காலைத் தொட்டு, "விருதுநகர்ல காது டாக்டரப் போய்ப் பாரும்" என்றார்.

"காது போச்சுன்னு தெரிஞ்சா வேலையில இருந்து எடுத்துருவாகளே அண்ணாச்சி."

"பொட்டல்ல நிக்கீரு. பின்னாடி இருந்து ஒருத்தன் 'ஓடு'ன்னு கத்துனா ஒமக்குக் கேக்குமா? கேக்காதுல்ல? ஒங்க முதலாளிட்ட நான் பேசுறேன். அந்த எடத்த விட்டு மாத்தி, பேக்கிங் பக்கம் போடச் சொல்றேன்."

அப்படியும் கருப்பசாமி அசையவில்லை. காதில் மெஷினை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனால் செவிடன் என்று பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள் என்றார். அப்போது அண்ணாச்சி சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே காது மெஷின். அப்படி ஒன்று அவரிடம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பட்டாசுக் காது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிற மனுஷன், மெஷினை மட்டும் பைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

"என் மகன் வாங்கிக் குடுத்தது. எனக்கும் வெக்கந்தான். நீரு மாட்டும், நானும் மாட்டுறேன்" என்று சொல்லி, எங்கள் எல்லார் முன்னாலும் வலது காதில் மாட்டிக்கொண்டார். உடனே மேலே பார்த்து, "ஏம்மா, இந்த ஃபேன் இவ்வளவு நாளா இப்படியா கத்திக்கிட்டிருக்கு?" என்றார். முனியம்மாள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவர்கள் சீசன் முடியும் வரை வரவில்லை. டாக்டரைப் பார்த்தது, அரசாங்கத்தில் கொடுக்கிற மெஷினுக்காகச் சூலக்கரைக் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்தது எல்லாம் கம்பெனி ஆட்கள் வழியாகக் காதில் விழுந்தது. அண்ணாச்சி அவர்கள் முதலாளியிடம் பேசியும்விட்டார். ஒரு பயம் மட்டும் எனக்கு இருந்தது. மெஷின் வந்துவிடும், மாட்டுவாரா? வாங்கிய புதிதில் இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். அண்ணாச்சியே பாதி நாள் கழற்றிவிடுவார். "பாவி, ஒமக்கு வாக்குக் குடுத்துட்டனே" என்று அங்கே இல்லாத கருப்பசாமியைத் திட்டிக்கொண்டே மறுபடியும் மாட்டுவார்.

தீபாவளி கழிந்து ஒரு சாயங்காலம் வந்தார்கள். கருப்பசாமி காதில் மெஷின் இருந்தது. நான் முறைப்படி வேட்டித் துணியைத் தொங்கவிட்டேன். எந்தப் பெட்டி என்று சொல்லாமல் முதலில் கீச்சானைப் போட்டேன். கொஞ்சம் குறும்புதான். அவர் துள்ளி எழுந்து, "ஐயையோ, நிறுத்துங்க தாயி!" என்றார். துணியை விலக்கிக் கீச்சானைக் காட்டினேன். "இதுலயா இவ கொரலக் கேட்டேன்?" என்றார். அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடியே சிரித்தார், அவருக்கும் கேட்டிருக்கிறது.

அப்புறம் அந்த நல்ல ஜோடியில் வில்லுப்பாட்டைப் போட்டேன். வில் வந்தது, குடம் வந்தது, பின்னாலேயே கதையும் வந்தது. கருப்பசாமி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். புலவர் சொல்லச் சொல்ல அவர் உதடும் அசைந்தது. கதை முக்கியமான கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் கையைத் தூக்கினார்.

"தாயி, பாட்டக் கொஞ்சம் நிறுத்துங்க. இவ என்னமோ சொன்னா."

நிறுத்தினேன். எனக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. வாசல்படியில் குனிந்து நின்ற முனியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை அவள். கையில் இருந்த செருப்பைப் பார்த்து, வார் அறுந்துபோச்சே என்று தனக்குத்தானே முனகியிருக்கிறாள்.

"அதுக்கென்ன, போற வழியில புதுசு வாங்கிக்கிருவோம்" என்றார் கருப்பசாமி.